ஜமால்தீன் அப்போதிக்கரி வைத்திருந்த படங்கள்

சிலாபத்திலிருந்து புத்தளம் போகும் பேருந்து முந்தல் கடைத்தெருவில் நின்றபோது மாமாவின் அழைப்பு வந்தது. என் மடியில் மஞ்சள் உறையொன்று இருந்தது. அதற்குள் சிலாபத்து ஸ்டூடியோவில் பெரிதாக்கி எடுத்த படம். அதை என் தாயின் தந்தையான மூத்தாப்பாவிடம் காட்டி ஒரேயொரு கேள்வி கேட்பதற்காகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

"மகள், எங்க வாறாய்?" என்றார் மாமா.

"முந்தல்ல, மாமா."

"சரி, பதறாம வா. மூத்தாப்பா மௌத்தாகிட்டார். சுபஹு தொழுதிட்டுப் படுத்தவர், எழும்ப இல்ல. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பொறகு அடக்கம்."

இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன் என்று வாய் தானாகச் சொன்னது. ஆனால் மனம் அந்தச் சொற்களுக்குள் நிற்கவில்லை. உறையைப் பார்த்தேன். இனி இந்தப் படத்தில் இருப்பவன் யார் என்று யாரிடம் கேட்பது? ஒருவர் மறைந்த செய்தி காதில் விழுந்த உடனே இப்படியா யோசிப்பார்கள் என்று வெட்கமாகவும் இருந்தது. பாலாவியில் இறங்கிக் கற்பிட்டிப் பேருந்துக்குக் காத்து நின்ற நேரமெல்லாம் இரண்டு பயங்கள் மாறி மாறி வந்தன. முகம் பார்க்க முன்னர் தூக்கிவிடுவார்களோ என்பது ஒன்று. தன் தம்பியின் படம் கேட்டு எங்கள் வீட்டுக்கு வந்த ஓர் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்பது மற்றது.

முகம் பார்க்கக் கிடைத்தது. வெள்ளைத் துணிக்குள் அவருடைய முகம் சின்னதாக இருந்தது. நெற்றியில் எப்போதும் கிடக்கும் சுருக்கம் அப்போதும் இருந்தது. மௌத்தானவர்களின் முகத்தில் ஓர் அமைதி வரும் என்பார்கள். எனக்கு அது தெரியவில்லை. யாரையோ எதிர்பார்த்துக்கொண்டே படுத்தவரைப் போலிருந்தார்.

அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கற்பிட்டிக் கரையோரத்தில் அவர் மருந்து கொடுக்காத வீடு குறைவு. உங்களில் பலர் அவரை 'அப்போதிக்கரி' என்று மட்டுமே அழைத்திருப்பீர்கள், பெயர்கூட மறந்திருக்கும். உச்சமுனைக்குப் படகில் வந்து, மணலில் கதிரை போட்டு உட்கார்ந்து குழந்தைகளின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த மனிதர் என்று சிலருக்கு ஞாபகம் வரலாம். நான் அவருடைய மகளின் மகள். முந்தலில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். எனக்குத் தெரிந்த ஜமால்தீன் அப்போதிக்கரி கொஞ்சம் வேறானவர். அவர் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் சில கறுப்பு வெள்ளைப் படங்களை வைத்திருந்தார். அவற்றை யாரையும் தொட விடமாட்டார்.

யுத்தம் தொடங்கிய சில வருடங்களில், வடக்கிலிருந்து தமிழ் இயக்கத்தால் துரத்தப்பட்ட எங்கள் முஸ்லிம் சனங்கள் படகு படகாக இந்தக் கரையில் வந்து இறங்கியபோது எடுத்த படங்கள் அவை. உடுத்த உடுப்போடு வந்தவர்களுக்கு அடையாள அட்டைக்காவது முகப்படம் வேண்டுமே என்று புத்தளத்து ஸ்டூடியோக்காரர் ஒருவர் கமராவோடு வந்திருக்கிறார். வேலை முடிந்து மிஞ்சிய ஃபிலிமில் கரையையும் ஆஸ்பத்திரியையும் அதன் முற்றத்தையும் சில படங்கள் எடுத்து, பிறகு மூத்தாப்பாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கிறார்.

முதல் படம் கரையில் எடுத்தது. படகிலிருந்து பெண்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்குகிறார்கள். மூத்தாப்பா முழங்காலளவு தண்ணீரில் நிற்கிறார். காற்சட்டையை மடித்துவிட்டிருக்கிறார். முகம் கமராவைப் பார்க்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, எதையோ சத்தம் போட்டுச் சொல்கிறார். என்ன சொன்னீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வேற என்ன செல்ற? முதல்ல தண்ணி குடுங்க, கேள்வியெல்லாம் பொறகு எண்டு சென்னன். கரையில நிண்ட எங்கட ஆக்கள் பாவம், எந்த ஊர், என்ன நடந்த எண்டு கேட்டுக்கொண்டே நிக்காங்க. புள்ளைகள்ற கண்ணெல்லாம் உள்ளுக்குப் போயிட்டு."

அந்த நாட்களில் வயிற்றோட்டம்தான் அவரை அதிகம் பயப்படுத்தியிருக்கிறது. சின்ன ஆஸ்பத்திரி. சில கட்டில்கள், ஒரு மருத்துவமாது, சிற்றூழியர்கள் ஓரிருவர். சேலைன் போத்தல்களைத் தென்னை மரத்தில் ஆணி அடித்துத் தொங்கவிட்டார்கள். கிடுகுக் கொட்டில்களில் வரிசையாகப் பிள்ளைகள். உப்பும் சீனியும் கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகப் பருக்க வேண்டும். ஒரே மூச்சில் கொடுத்தால் வாந்தியெடுத்துவிடும். "ஒரு புள்ள தூங்கினா சந்தோசப்படேலாது. தூக்கமா மயக்கமா எண்டு தட்டிப் பாக்கோணும்" என்று சொல்லுவார். அந்தப் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. நாங்கள் பேரப்பிள்ளைகள் பகலில் கண்ணயர்ந்தால்கூட வந்து கன்னத்தைத் தட்டி எழுப்பிவிட்டு, "ஒண்டுமில்ல, படு" என்று போய்விடுவார். எங்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

இன்னொரு படத்தில் கொட்டிலுக்குள் ஒரு முதியவர் படுத்திருக்கிறார். பக்கத்தில் மூத்தாப்பா. படத்தில் இல்லாத ஒருவனைப் பற்றித்தான் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் பேசுவார். அவன் பெயர் யோகன். முல்லைத்தீவுப் பக்கத்துத் தமிழ் இளைஞன். அந்த ஆஸ்பத்திரியில் சிற்றூழியராக இருந்தவன். படகுகள் வந்த நாட்களில் அவன் தங்கியிருந்த அறைப் பக்கமே போகாமல் ஆஸ்பத்திரியிலேயே கிடந்து வேலை செய்தானாம். அந்த முதியவருக்குச் சேலைன் ஏற்றப் போனபோது அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"இவன்ட ஆக்கள்தானே எங்கள அனுப்பின. இவன் என்னத் தொடப்படாது" என்றாராம்.

மூத்தாப்பா அதற்கு என்ன பதில் சொன்னார் என்று நான் ஆவலோடு கேட்டேன். ஏதாவது நல்ல வார்த்தை சொல்லியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையை அசைத்தார்.

"ஒண்டும் செல்ல இல்ல. யோகன், நீ அடுத்த கொட்டிலுக்குப் போ எண்டு அனுப்பினன். நோயாளிக்கு அந்த நேரம் சேலைன் ஏறினாப் போதும் எண்டு நெனச்சன். அவன் தலையக் குனிஞ்சிட்டுப் போனான். அண்டைக்கு அவன அனுப்பியிருக்கக் கூடாது, மகள்."

அந்த முதியவரைக் குற்றம் சொல்லி அவர் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. வீடு வாசல் எல்லாம் பறிபோய், கடலில் அலைந்து வந்து இறங்கிய மனிதர். அவருக்கும் கோபப்பட ஓர் ஆள் வேண்டியிருந்தது என்பார். ஆனால் அன்று தொடங்கி, மனம் கலங்கியவர்கள் கண்ணில் படாமல் யோகனைப் பின்னால் உள்ள வேலைகளில் விட்டுவிட்டாராம். தண்ணீர் கொதிக்க வைப்பது, துணி அவிப்பது, போத்தல் கழுவுவது. அதனால்தான் படங்கள் எதிலும் அவன் முன்னால் இல்லை.

ஒரு படத்தைத் தவிர. அதைத்தான் அவர் யாருக்கும் காட்டவில்லை.

சிலாபம் ஆஸ்பத்திரியில் இருதய வருத்தத்தோடு அவர் படுத்திருந்தபோது, பார்வையாளர் நேரத்தில் நான் போயிருந்தேன். மற்றவர்கள் தேநீர் குடிக்க வெளியே போனதும் என் கையைப் பிடித்தார். கை குளிர்ந்திருந்தது. தகரத்தின் அடியில் மடித்த கடதாசிக்குள் ஒரு படம் இருக்கிறது, போய்ப் பார் என்றார். பிறகு நடந்ததைச் சொன்னார்.

படகுகள் வந்து ஓய்ந்து சில கிழமைகளின் பின் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். தாங்கள் யார் என்று அவர்கள் சொல்லவில்லை. யோகனைப் பற்றி விசாரித்தார்கள். எந்த ஊர், எப்போது வந்தவன், யாரோடு பழக்கம். அவன் அன்று மருந்தெடுக்கப் புத்தளம் போயிருந்தான். கடைசியாக, "அவன்ட படமொன்று இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றார் மூத்தாப்பா. "தேடி வையுங்க, திரும்பி வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

படம் அவருடைய மேசை லாச்சிக்குள் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் மூத்தாப்பாவும் மருத்துவமாதும் யோகனும் நிற்கும் படம். வந்து லாச்சியை இழுத்துப் பார்த்தால் முடிந்தது. படத்தை ஊர் ஊராகக் காட்டி அவனைப் பிடிப்பார்கள் என்று பயந்தார். தையல் வெட்டும் கத்தரிக்கோலால் அவனுடைய முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, கருவிகள் அவிக்கும் அடுப்பில் போட்டார்.

"படத்த முழுசா எரிச்சிருக்கலாமே" என்றேன்.

"முழுசா எரிச்சா அவன் எங்களோட இருந்ததே இல்லாமப் போயிடும் எண்டு நெனச்சன்."

அதற்குச் சில நாட்களுக்குள் தாய்க்கு வருத்தம் கடுமை என்று யோகனுக்குச் செய்தி வந்தது. இந்த நேரம் போகாதே என்று மூத்தாப்பா தடுத்துப் பார்த்தார். அவன் கேட்கவில்லை. புத்தளத்தில் பேருந்து ஏற்றிவிட்டவர் இவர்தான். அவன் வீடு போய்ச் சேரவில்லை. வழியில் எங்கே, யாரால், என்ன நடந்தது என்பது இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வந்து விசாரித்த அந்த இருவரும் திரும்ப வரவே இல்லை.

"வந்திருந்தா, நான் செஞ்சது சரி எண்டு இருந்திருப்பன். அவங்க வரவுமில்ல, அவனும் வரல்ல" என்றார். 

இதை அவர் அத்தனை வருடமும் மூடி வைத்திருந்துவிட்டு இப்போது சொன்னதற்குக் காரணம் செல்வராணி அம்மா. யோகனின் அக்கா. கடைசி யுத்தத்தில் முல்லைத்தீவிலிருந்து பதுங்குகுழி பதுங்குகுழியாக ஓடி, பையும் பெட்டியும் ஒவ்வோர் இடத்தில் விட்டு, உயிரோடு மட்டும் வெளியே வந்தவர். மகள் முந்தல் பக்கம் இறால் பண்ணையில் வேலை செய்யும் ஒருவரை மணந்ததால் அவரும் இங்கே வந்துவிட்டார். தம்பி வேலை செய்த ஆஸ்பத்திரியின் அப்போதிக்கரி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று யாரோ சொல்ல, போன வருடம் எங்கள் வீடு தேடி வந்தார்.

அன்று நானும் இருந்தேன். அவர் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, "ஐயா, என்ர தம்பின்ர ஒரு படமும் எங்களிட்ட இல்லை. எல்லாம் ஓடேக்க விட்டிட்டம். காணாமப் போனவன் எண்டு எங்க போய்ப் பதிஞ்சாலும் படம் இருக்கோ எண்டுதான் கேக்கினம். உங்களிட்ட ஏதும் இருக்குமோ?" என்று கேட்டார்.

மூத்தாப்பா அவரைப் பார்க்காமல், "இல்ல மகள், என்னட்டயும் இல்ல" என்றார்.

அவர் எழும்பிப் போன பிறகு மூத்தாப்பா சோறு தின்னவில்லை. அன்றிலிருந்து வெளியில் ஒரு முச்சக்கரவண்டி நின்றாலும் யார், யார் என்று கேட்கத் தொடங்கினார். வயதாகிவிட்டது, பயப்படுகிறார் என்று நாங்கள் நினைத்தோம். வைத்தியரிடம்கூடச் சொல்லித் தூக்கத்துக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்தோம்.

"முகம் இல்லாத படத்த அந்தப் புள்ளைக்கு எப்படிக் காட்டுற?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கேட்டார். "கரையில எடுத்த படம் இருக்கே, அதில பின்னால ஒருத்தன் வாளி தூக்கிட்டு நிப்பான். அது யோகனா, பவுசர்ல தண்ணி கொண்டுவந்த ஆளா எண்டு என்ட கண்ணுக்குத் தெரியுதில்ல. பெருசாக்கிட்டு வா. யோகன்தான் எண்டா அவக்கு அதக் குடுப்பம்."

அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். சிலாபம் மீன் சந்தைக்குப் பக்கத்திலுள்ள ஸ்டூடியோவில் படத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவர்கள் இன்று நாளை என்று இழுத்தார்கள். நானும் போய் நெருக்கவில்லை. படம் கைக்கு வந்த அன்றுதான் மாமாவின் அழைப்பும் வந்தது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் குர்ஆன் கத்தம் ஓதி முடித்துச் சனம் கலைந்த பின்னர், செல்வராணி அம்மா வந்தார். செய்தி கேள்விப்பட்டிருக்கிறார். உள்ளே வரத் தயங்கி மாமரத்தடியில் நின்றார். உம்மா போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அவர் போட்டிருந்த செருப்பை வாசலில் கழற்றி ஓரமாக ஒதுக்கி வைத்தது எனக்கு ஏனோ இன்னும் கண்ணில் நிற்கிறது.

உறையை எடுத்து வந்தேன். பெரிதாக்கிய படத்தில் முகம் மங்கல்தான். ஆனால் முகம் என்று ஒன்று இருந்தது. மெலிந்த இளைஞன். இரண்டு வாளிகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறான். யோகனாக இருக்கலாம். இவர்தான் உங்கள் தம்பி, மூத்தாப்பா சொன்னார் என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்த அம்மா ஒரு முகத்தோடு வீடு போவார். யாரும் வந்து பிழை என்று சொல்லப் போவதில்லை. சொல்லக்கூடிய ஒரே ஆளை அப்போதுதான் அடக்கியிருந்தோம்.

அவர் படத்தை வாங்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். பிறகு கேட்டார்: "ஐயா சொன்னவரோ, இது அவன்தான் எண்டு?"

"இல்ல அம்மா. அவர் இதப் பாக்க முந்தி மௌத்தாகிட்டார். அவருக்கும் சரியாத் தெரியாது. எனக்கும் தெரியாது."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். "இது அவனில்லை, தங்கச்சி" என்றார் மெல்ல. "இந்தப் பொடியன் ரெண்டு கையையும் நிமித்தி வாளி பிடிச்சிருக்கிறான். தம்பிக்கு இடது கை நிமிராது. சின்னனில விழுந்து முறிஞ்சது. சரியாப் பொருந்தேல்லை."

உம்மா என்னைப் பார்த்தார். நான் உம்மாவைப் பார்த்தேன். பிறகு உள்ளே போய், தகரத்தின் அடியிலிருந்து கடதாசியை எடுத்து வந்தேன். கொடுக்க முன்னரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்த இருவர், கத்தரிக்கோல், அடுப்பு, போன வருடம் இல்லை என்று சொன்னது. சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே பிடிக்காமல் போனது. மூத்தாப்பாவுக்காக வாதாடுவது போலவும் இருந்தது, அவரைக் காட்டிக்கொடுப்பது போலவும் இருந்தது. அந்த அம்மா எழும்பிப் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

அவர் கடதாசியைப் பிரித்தார். வாசலில் மூத்தாப்பா, மருத்துவமாது, அவர்களுக்குப் பக்கத்தில் கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத ஓர் உருவம். வெள்ளைச் சட்டை, கோடு போட்ட சாரம். வலது கை முதுகுக்குப் பின்னால் போய் இடது முழங்கையைப் பிடித்திருக்கிறது.

"இதுதான் அவன்" என்றார். அவருடைய விரல் அந்த வளைந்த கையின் மேல் நின்றது. "ஆக்களுக்கு முன்னால நிண்டால் இப்பிடித்தான் பின்னால பிடிச்சு மறைப்பான். வெக்கம்."

உம்மா அழத் தொடங்கினார். செல்வராணி அம்மா அழவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்க அம்மா. முகம் இருந்திருந்தா…" என்று தொடங்கினேன்.

"முகத்தை நான் மறக்கேல்லை, தங்கச்சி. கண்ணை மூடினால் வரும். அவன் நிக்கிற விதம் மறந்துபோச்சு. எவ்வளவு யோசிச்சும் வரேல்லை." படத்தை மடியில் வைத்துக்கொண்டார். "இதைப் பதியிற ஒரு கந்தோரிலயும் குடுக்கேலாது. முகமில்லாத படத்தை வாங்கமாட்டினம். இது எனக்கு. கொண்டுபோகட்டே?"

கொப்பி ஒன்று எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. கொடுத்துவிட்டேன். போகும்போது, "ஐயா அண்டைக்கே இதைக் காட்டியிருக்கலாம். நான் கோவிச்சிருக்கமாட்டன். கோவிச்சாலும் வாங்கிக்கொண்டுதான் போயிருப்பன்" என்றார். அந்தப் பேச்சில் குற்றச்சாட்டு இருந்ததா இல்லையா என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை. வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்து, மூத்தாப்பாவின் கதிரையில் உட்காராமல் நிலத்தில் உட்கார்ந்தேன்.

அவருக்காகத் துஆ கேட்கும் நீங்கள் அவருடைய ஊசியையும் மருந்தையும் நினைப்பீர்கள். அது நியாயம். என்னிடம் தங்கியிருப்பது வேறொன்று. வாளி தூக்கிய அந்த இளைஞனின் பெரிதாக்கிய படம் இப்போது என் அலுமாரியில் இருக்கிறது. யோகன் இல்லையென்றால் அவன் யார்? பவுசரில் வந்த ஆளா? படகில் வந்து இறங்கியவர்களில் ஒருவனா? இருக்கிறானா? அவனையும் யாராவது ஒரு படத்துக்காக வீடு வீடாகத் தேடிக்கொண்டிருக்கிறார்களா? முந்தல் சந்தையில் வயதான ஆண்களைக் கண்டால் அந்த மங்கல் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். என் மூத்தாப்பா எனக்கு விட்டுப்போனது இந்தக் கவலைதான். அந்தக் காலத்தில் கரையில் நின்றவர்கள், படகில் வந்தவர்கள், யாராக இருந்தாலும் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். படம் இருக்கிறது. கேட்டு வருபவர்களுக்கு நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.